எட்டாம் நாள் பெயர்

பிள்ளைக்கு மறுபடியும் அதே பெயர்தான் விழுந்தது.

"டெமோலா!" என்று கத்தியபடி தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு பண நோட்டைப் போட்டார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

"ஆசே!" என்றது பந்தல். அப்படியே ஆகட்டும்.

மொரெனிகேவுக்குக் காது எரிந்தது.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள். தேனும் உப்பும் நாக்கில் தொட்டு வைத்தாயிற்று. வந்தவர் ஒவ்வொருவரும் காசு போட்டுப் பிள்ளைக்கு ஒரு பெயர் சொல்லலாம், அதுதான் வழக்கம். ஆனால் அந்த முஷின் தெருவுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரிந்திருந்தது. நேற்று இங்கிலாந்தில் இரண்டு கோல் போட்டவனின் பெயர்.

பஸ்ஸின் முதுகில் அவன் முகம். முடிவெட்டும் கடைச் சுவரில் அவன் தலை. இப்போது அவள் பிள்ளையின் தலையிலும் அவனே.

"அந்தப் பேரு மட்டும் வேண்டாம்" என்று விடிந்ததுமே கணவனிடம் சொல்லியிருந்தாள். அக்கின் சிரித்தான். இப்போது தொளதொளத்த விழா அங்கிக்குள் டெமோலாவின் எண் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தபடி, எல்லோருக்கும் முன்னால் "ஆசே" சொல்வதே அவன்தான்.

பெயர்களை ஏலம் போல் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் பாபா லாமி அவன் பக்கம் திரும்பினார். "அப்பன்காரன் என்ன சொல்றே?"

"வேற என்ன பாபா? டெமோலாதான். நம்ம தெருப் பையனாச்சே!"

பந்தல் எழுந்து ஆடியது. கைபேசிகள் உயர்ந்தன.

"அவனுக்கே அனுப்புங்கடா! பாத்துட்டு பிள்ளைக்கு பூட்ஸ் அனுப்புவான்!"



"மருமகளே, மூஞ்சி ஏன் மிளகுத் தண்ணி மாதிரி கொதிக்குது?" என்றார் பாபா லாமி. "நீயும் ஒரு பேரு போடு."

அவள் எழுந்தாள். நோட்டைக் கிண்ணத்தில் அறைந்தாள். தண்ணீர் பெரியவரின் மடியில் தெறித்தது.

"இஜி."

புயல் என்று பொருள்.

ஒருவரும் "ஆசே" சொல்லவில்லை.

"பேரா இது?" தையல்காரர் சிரித்தார். "யாரோட பேரும்மா?"

வெள்ளைக்காரர்கள் பந்தாட்டத்துக்கு ஆள் பொறுக்க வந்த அன்று, இந்தத் தெருக்கோடி மணல் திடலில், இதே தையல்காரர்தான் தொண்டை கிழிய அந்தப் பெயரைக் கத்தினார். தெருவே கத்தியது. பந்து எப்போதோ கடந்து போன பிறகு, டெமோலாவின் பூட்ஸ் இஜியின் முழங்காலில் வந்து இறங்கும்வரை.

அவள் கணவனைப் பார்த்தாள்.

"கேக்கறாங்கல்ல? சொல்லு."

அக்கின் மடங்காத வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி இழுத்து, அங்கியால் மூடிக்கொண்டான்.