விசில்காரர் வீட்டுப் பூட்டு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது.

ஆற்றோரத் தெருவில் அன்றைக்கு அபாயச் சங்கு ஊதினதும், தையல்காரம்மா முதலில் ஓடியது விசில்காரர் வீட்டுக்குத்தான். வாசலில் பூட்டு தொங்கியது.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் வாய்விட்டு.

பின்னே? மாதம் தவறாமல் தெருவையே கூட்டி, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ஒத்திகை நடத்தியவர் அவர். வெள்ளம் வந்தால் எந்த வழியாகப் போகணும், எந்த வழியாகப் போகக்கூடாது, மேட்டுப் பள்ளிக்கூடத்து மாடியில் யார் எங்கே தங்கணும், எல்லாம் அவர் சொன்னதுதான். சுவருக்குச் சுவர் அம்புக்குறி வரைந்ததும் அவரேதான்.

"கிளம்பும்போது வீட்டைப் பூட்டுங்க. பூட்டியிருந்தா ஆள் போயாச்சுன்னு அர்த்தம். பின்னால வர்றவங்க பூட்டின வீட்டைத் தட்டி நேரத்தைக் கடத்தாதீங்க." இதைச் சொல்லாமல் அவர் ஒத்திகையை முடித்ததே இல்லை.

ஒருமுறை தைத்துக்கொண்டிருந்ததை முடித்துவிட்டு வரத் தாமதமானதற்கு, "உன் மெஷினுக்கு நீச்சல் தெரியுமாம்மா?" என்று நடுத்தெருவில் வைத்துத் தையல்காரம்மாவின் மானத்தை வாங்கினவர்.

அப்பேர்ப்பட்டவர் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

"படுத்த படுக்கையா இருக்கிற சம்சாரத்துக்கு வண்டி பேசி, விடியறதுக்கு முன்னாலேயே கிளம்பியிருப்பார்," என்றான் வெல்டர். ஒரு தோளில் அவன் மகன், இன்னொரு தோளில் தையல்காரம்மாவின் சின்னவள். "நமக்கு ஒரு வழி, தனக்கு ஒரு வழி. பார்த்தீங்களாக்கா?"

"பேசாம நட தம்பி. மேல போய் மூஞ்சிக்கு நேராவே கேட்டுக்கிறேன்."

அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். கசாப்புக்கடைச் சந்து, நடைபாலம், அப்புறம் மூச்சு வாங்க வைக்கிற படிக்கட்டு. ஒருத்தர்கூட வழி தவறவில்லை. கைக்குழந்தை முதல் கைத்தடிக் கிழவர் வரை எல்லோரும் மாடி ஏறிவிட்டார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"நல்ல மூலையாப் பார்த்துப் பாயை விரிச்சிருப்பார்."

"விசிலை ஊதிட்டாவது போயிருக்கலாம்ல?"

தையல்காரம்மா அறை அறையாகத் தேடினாள். ஆளைக் காணோம். வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த டீச்சரிடம் போனாள்.

"விசில் மாட்டின பெரியவர் வந்தாரா, டீச்சர்?"

"இல்லையேம்மா."

"வண்டியில வச்சு ஒரு நோயாளி அம்மாவைக் கொண்டு வந்தாங்களா?"

"வண்டியா? மெயின் ரோட்டுப் பாலத்தை நேத்தே மூடியாச்சே. உங்க பக்கத்துக்கு ஒரு சக்கரம்கூட உருள முடியாது."

வண்டி வரவில்லை என்றால் அந்த அம்மாளைத் தூக்கினது யார்? தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். தெருவில் தூக்கத் தெம்புள்ள ஆம்பளைகள் எல்லோரும் இங்கேதான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, அந்தப் பெஞ்சைத் தூக்கு. இன்னும் மூணு பேரைக் கூப்பிடு."

"எங்கேக்கா?"

"நட, சொல்றேன்."

அவர்கள் திரும்பி வந்தபோது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பூட்டு அப்படியேதான் தொங்கியது. கதவைத் தட்டினார்கள். ஜன்னலை இடித்தார்கள். "ஐயா! ஐயா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"ஆள் இல்லைக்கா. எங்கேயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, வாங்க!"

தையல்காரம்மா அவனைக் கையமர்த்தினாள். தெருப்பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டாள்.

"ஐயோ, என் சின்னவளைக் காணோமே! தம்பி, கால்வாய்ப் பக்கமா ஓடுவோம், வாடா!"

ஒரு நொடி மழைச் சத்தம் மட்டும்தான்.

"கால்வாய்ப் பக்கம் போகாதே!" என்று பூட்டின வீட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல். "அங்கே மூடியில்லாத குழி இருக்கு! சந்து வழியாப் போ, சந்து வழியா!"

வெல்டர் பெஞ்சின் காலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

தையல்காரம்மா கதவோடு வாயை வைத்துச் சொன்னாள். "அண்ணே, என் சின்னவ மேல பத்திரமா இருக்கா. நீங்க முன்வாசலைப் பூட்டிட்டு, பின்வாசல் வழியா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்துட்டீங்க. அப்படித்தானே?"

உள்ளிருந்து குரல் தணிந்து வந்தது.

"இவளைத் தூக்க நாலு பேர் வேணும்மா. தெம்புள்ளவனே தெருவுல அஞ்சாறு பேர்தான். அவங்க என் வாசல்ல வந்து நின்னா, பிள்ளைங்களை யார் தூக்கறது? கட்டிலுக்குச் செங்கல் வச்சு உசத்தியிருக்கேன். இவளும் சரின்னுதான் சொன்னா. பூட்டின வீட்டுல நேரத்தைக் கடத்தாதீங்க. போங்க."

"பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சுண்ணே. இப்ப இவங்க கை சும்மாத்தான் இருக்கு."

தையல்காரம்மா குனிந்து, தண்ணீருக்குள் தடவி ஒரு கருங்கல்லை எடுத்தாள். பூட்டின் மேல் ஓங்கிப் போட்டாள்.