ஏழு மணிச் செய்தி

ஏழு மணிச் செய்தி தொடங்கியதும் தொலைக்காட்சியில் சத்தம் நின்றுவிடும். வாசிப்பவரின் உதடுகள் மட்டும் அசையும். செய்தி முடிந்ததும் சத்தம் தானாகத் திரும்பும். பத்து நாளாக இப்படித்தான்.

அன்று செய்தி நேரத்திலேயே பழுது பார்க்க வந்தவர் ரிமோட்டை அழுத்தி அழுத்தித் திரையில் எதையோ தேடினார்.

"டிவில கோளாறு இல்லம்மா. சத்தம் புளூடூத்துல ஒரு ஹெட்போனுக்குப் போகுது. பக்கத்துலதான் எங்கேயோ ஆன்ல இருக்கு."

அது அப்பாவுடையது. மாதங்கி பரீட்சைக்குப் படித்த நாட்களில் அவர் அதை மாட்டிக்கொண்டுதான் செய்தி கேட்பார். அவர் இறந்து நான்கு மாதமாகிறது.

மாதங்கி பீரோவைத் திறந்தாள். மடித்த வேட்டிகளின் மேல் ஹெட்போனின் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீயாம்மா சார்ஜ் போட்ட?"

"பீரோ சாவி உங்கிட்டதானேடி இருக்கு."

ஆமாம், அவளிடம்தான் இருந்தது. தானே போட்டுவிட்டு மறந்தோமா? ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். அணைகளின் நீர்மட்டம் பற்றிய செய்தி தெளிவாகக் கேட்டது. யாரோ கேட்டுக்கொண்டிருப்பதைப் பிடுங்கிவிட்டதுபோலக் கூச்சமாக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"ஒரு ஸ்பீக்கரை வயர்ல மாட்டிடறேன். அப்புறம் சத்தம் வேற எங்கேயும் போகாது," என்று பழுது பார்க்க வந்தவர் வயர்ச் சுருளைப் பிரித்தார்.

மாதங்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

சத்தமில்லாத திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா சொன்னாள்.

"கொஞ்சம் இருங்க தம்பி. செய்தி முடியட்டும்."