தேடுறது தனியா இருக்கட்டும்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாரா அக்கா?" என்றாள் டெஸ்டர்.

புரோகிராமர் தலையாட்டினாள். டாக்டர் சொன்னதால், நினைத்ததற்கு முன்பே நாளை முதல் அவளுக்குப் பிரசவ விடுப்பு. கால் வீங்கி, செருப்பு மேசைக்கடியில் கிடந்தது.

டீம் லீடருக்கு ஆபீஸ் வைத்த பெயர் சல்லடை. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு வரி புரோகிராம் கோடுகூடப் போகாது.

ரத்த வங்கிக்கான மென்பொருள். டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொருவரின் விவரமும் கோடில் ஒரு 'கொடையாளர்' ஆகி நிற்கும். எந்தப் பிரிவு ரத்தம் யாரிடம் என்று தேடும் வேலையையும் அவள் அந்தக் கொடையாளருக்குள்ளேயே எழுதிவிட்டிருந்தாள். இத்தனை நாள் ஓடியது. இன்று பார்த்துத் தேடலைப் பிரித்துத் தனியாக எழுதச் சொல்கிறார்.

நேரிலேயே போய்க் கேட்டாள். "ஓடிட்டுத்தானே சார் இருக்கு? லீவு முடிஞ்சு வந்து பிரிக்கிறேனே."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு ஆள் தன் பேரைச் சொல்லலாம், ரத்தப் பிரிவைச் சொல்லலாம். ஊரையே தேடிக் கண்டுபிடிக்கிறதும் அவன் வேலையா? இன்னிக்கே பிரிச்சுடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கீழே வண்டியோடு காத்திருந்த கணவனைக் காபி குடித்துவிட்டு வரச் சொன்னாள்.

"இவரைப் பெத்தாங்களா, டவுன்லோடு பண்ணாங்களா?" என்று முணுமுணுத்தாள் டெஸ்டர்.

புரோகிராமர் பிரித்து முடித்து அனுப்பினாள். இன்னும் ஓரிடத்தில் கலந்திருக்கிறது என்று திரும்பி வந்தது. அதையும் பிரித்தாள்.

அப்போதும் சல்லடை விடவில்லை. தேடலில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செருகி, அந்தக் கோடையே பார்த்திராத பக்கத்து டீம்காரரிடம் கொடுத்தார். இவளிடம் எதுவும் கேட்கக் கூடாதாம். பக்கத்து டீம்காரர் நேராகத் தேடல் பகுதியைத் திறந்தார். டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டார்.

போகிற நேரத்தில் பரீட்சை வேறா என்று எரிச்சலோடு அவள் பையை எடுத்தாள். சல்லடை எதிரே வந்து நின்றார்.

"அந்த ஆபீஸ் போனைக் கொடுங்கம்மா."

ரத்த வங்கியில் தேடல் நின்றால் அலறும் போன் அது. எழுதியவர்தான் வைத்திருக்க வேண்டும், விடுப்பானாலும். அம்மாவின் ஆபரேஷன் அன்றுகூட, தியேட்டர் வாசலில் உட்கார்ந்து இவள்தான் சரிசெய்தாள். வேறு யாருக்கும் அந்தக் கோடு பிடிபடவில்லை.

"நான்தானே சார் வச்சிருக்கணும்?"

"இனிமே யார் வேணாலும் சரி பண்ணலாம். இப்பத்தான் பாத்தீங்களே."

போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குழந்தை பிறந்ததும் நீங்க இதுக்கு ஒரு போன் பண்ணுங்க, போதும்."