மெருகு வேணாம்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். துணிக்குச் சாயம் தீட்டும் வரதப்பன், முழ நீள மரக்கப்பலுக்கு வர்ணம் பூசி நிமிர்ந்தார். மரத்தைச் செதுக்கியது, எதிரே உட்கார்ந்திருந்த மீனவக் குப்பத்து இருசம்மாளின் புருசன்.

"எப்படிம்மா? கோட்டை துரை பார்த்தா விடவே மாட்டாரு!"

இருசம்மாள் சிரிக்கவில்லை. "செவப்பு தூக்கலா இருக்குது. வெயில்ல வெளுத்தாப்பல ஆக்குங்க நைனா."

முணுமுணுத்தபடி சாம்பல் கலந்து பூசினார். அவள் மடியிலிருந்து கறுப்புத் துணித்துண்டு ஒன்றை எடுத்தாள்.

"இத்தப் பெரிய பாய்ல ஒட்டுங்க."

"கிழிஞ்ச பாய்க்கு ஒட்டுப் போட்ட மாதிரி அசிங்கமா இருக்குமே!"

"அப்படித்தான் இருக்கணும்."

புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டினார். "இன்னும் கொஞ்சம் மேல" என்று இரண்டு தடவை பிய்க்க வைத்தாள். கப்பலின் பின்பக்கம் அவர் ஆசையாகத் தீட்டியிருந்த மஞ்சள் சேவலுக்கு வால் பாதி அழிந்திருக்க வேண்டுமாம். அதையும் சுரண்டினார். கடைசியில் மெருகெண்ணெயை எடுத்தபோது கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"மெருகு வேணாம்."

வரதப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ? இத்த யாரு வாங்குவாங்க?"

"விக்கிறதுக்கு இல்ல நைனா. குப்பம் குப்பமா எடுத்துக்கினு போய்க் காட்டப்போறேன். தூரத்துல இந்தக் கப்பல் தெரிஞ்சதும் புள்ளைங்களை இட்டுக்கினு ஓடணும் இல்ல?"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அழகா இருக்குதேன்னு நான்தான் எம்மவனைக் கிட்டப் போய்ப் பாக்கச் சொன்னேன். அவனை அடிமையா விக்க ஏத்திக்கினு போயிட்டாங்க."

வரதப்பன் மெருகெண்ணெயை மூடினார். சுரண்டும் கத்தியை மறுபடி கையில் எடுத்தார்.

"சேவல் வாலு எம்மாத்தம் அழிஞ்சிருந்தது? சரியா சொல்லும்மா."