நாற்பத்தேழாம் மனு

ஒரு தாள் எத்தனை பேர் வாழ்க்கையை மாற்றியது என்று அளந்து சொல்லும் கருவி மாவட்டத்துக்கு வந்தது. நூறு பேரைத் தாண்டினால், உலகத்தின் பெரிய சாசனங்களோடு ஆவணக் கூடத்தில் இடம். தாண்டாத தாளெல்லாம் அரைத்துக் காகிதக் கூழ்.

வேதரத்தினம் தம் மனுக்களின் நகல்களை எண் வாரியாகக் கட்டி வைத்திருந்தார்.

"எங்க தெருவுக்குத் தண்ணி வந்ததே இதுலதாம்மா," என்றார், அளக்க வந்த பெண்ணிடம்.

"அனுப்புநர், பெறுநர் எல்லாம் சுத்தமா இருக்கும். பதில்தான் வராது," என்றாள் மனைவி செங்கமலம்.

கருவி ஒவ்வொன்றாகப் படித்தது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நாற்பத்தேழாம் மனுவுக்கு மணி அடித்தது: முந்நூற்றுப் பன்னிரண்டு!

"பாத்தியாடி!" என்று துள்ளினார்.

"ஐயா, இது பின்பக்கத்துக்கு," என்று தாளைத் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண். பென்சிலில் செங்கமலத்தின் கோணல் எழுத்து: 'நாளைக் காலை ஆறு மணிக்கு எல்லாரும் காலிக் குடத்தோடு சேர்மன் வீட்டு வாசலுக்கு வரவும். படித்துவிட்டு அடுத்த வீட்டில் கொடுக்கவும்.'

வேதரத்தினம் மனைவியைப் பார்த்தார். "என் நகல்லயா எழுதின?"

"கைக்கு அதுதாங்க அகப்பட்டுது. வீடு முழுக்க அதுதானே கெடந்துது?"

பதிவுப் படிவத்தை அந்தப் பெண் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாக நிரப்பினார்.

எழுதியவர்: செங்கமலம்.

தாள் உதவி: வேதரத்தினம்.