ஜூலையில் பெய்யும் பனி

எங்கள் ஒன்டாரியோ ஊரின் ஜூலை வெயிலில், என் ரொட்டிக்கடை வாசலில் சோப்பு நுரைப் பனி பெய்துகொண்டிருக்கிறது. தொலைக்காட்சிக்கு எடுக்கும் கிறிஸ்துமஸ் காதல் படம். கதைப்படி, மூடப்போகும் ரொட்டிக்கடையை ஊரே வரிசையில் நின்று காப்பாற்றுகிறது. நகரத்து வேலையை உதறிவிட்டு வந்த கதாநாயகி வாசலில் காதலனை முத்தமிடுகிறாள். ஆள் வராததால் போன மாதம் நான் மூடிய கடை இது. இன்று மஞ்சள் விளக்குகளில் ஜொலிக்கிறது. கண்ணாடிக்குள் வார்னிஷ் பூசிய ரொட்டிகள். படப்பிடிப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நான் நிற்கிறேன். அப்பால், படத்தில் கூட்டமாக நடிக்க வந்து, கம்பளிக் கோட்டுகளில் வியர்த்தபடி என் ஊர்க்காரர்கள். "மார்னி, உன் கடைக்கு இவ்வளவு கூட்டம் பாத்திருக்கியாடி?" என்று சிரிக்கிறாள் எதிர்வீட்டு டோரீன். "நீ வந்திருந்தா ஒரு ஆளாவது கூடியிருக்கும்" என்கிறேன். "நெடுஞ்சாலைக் கடையில மலிவா கிடைக்குது, என்ன பண்ணச் சொல்ற?" "மறுபடியும்!" என்கிறது ஒலிபெருக்கி. எல்லோரும் முணுமுணுக்காமல் திரும்பிப்போய் வரிசையில் நிற்கிறார்கள். நுரை விழுகிறது, மணி ஒலிக்கிறது, முத்தம் நீள்கிறது. நானும் கயிற்றில் சாய்ந்து ரசித்துப் பார்க்கிறேன்; அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றருகே வந்த டோரீன் கையுறையால் கண்ணைத் துடைக்கிறாள். நடிப்பில்லை. "அப்பாடா, கடை பிழைச்சிடுச்சு" என்கிறாள், என்னிடம்.