அப்பாவுக்கு டப்பிங்

ஒலிப்பதிவு அறையின் திரையில் அப்பா ஏழாவது முறையாகச் செத்துக்கொண்டிருந்தார்.

பழிவாங்கும் படம். முதல் பாதியில் அப்பா கொல்லப்பட்டால்தான் இரண்டாம் பாதியில் கதாநாயகன் பத்துப் பேரை வெட்ட முடியும். இருபது வருடமாக அவருக்கு இதே பிழைப்பு.

படத்தில் செத்தது போதாதென்று, டப்பிங் பேசுவதற்குள் நிஜமாகவே போய்விட்டார்.

நாலு பேரைப் பேசவைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் அந்தக் கரகரப்பு வரவில்லை. கடைசியில் மகனைத் தேடிப் பிடித்தார்கள். டிரைவிங் ஸ்கூலில் கத்திக் கத்தி, அவன் குரல் அச்சு அசல் அப்பாவின் குரலாகியிருந்தது.

அவன் அப்பாவுடன் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

அம்மா இறந்த அன்று, படப்பிடிப்பிலிருந்து மேக்கப்கூடக் கலைக்காமல் ஓடிவந்து அழுதவரிடம், "இங்கயும் நடிக்காதீங்க" என்று சொந்தபந்தத்தின் முன்னால் சொல்லிவிட்டான். கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டதில் மனிதரே போய்ச் சேர்ந்துவிட்டார். மன்னித்தாரா, இல்லையா? இந்த ஒரு கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை.

"கண்ணா, போனது போகட்டும்டா. மனசுல எதையும் வச்சுக்காத."

எட்டாவது முறையாகச் சொன்னான். சாகும் அப்பா மகனுக்குச் சொல்லும் கடைசி வசனம். கதாநாயகன் அதைக் கேட்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் தலையை ஆட்டினார்.

"முதல் வார்த்தைதான் இடிக்குது சார். 'கண்ணா'ன்னா உதடு ஒட்டாது. அவருக்கு ரெண்டு தடவ ஒட்டுது. வேற ஏதோ பேரு சொல்லியிருக்கார்."

செயற்கை மழையின் இரைச்சலில் படப்பிடிப்பின்போது பதிவான குரல் எதுவும் தேறவில்லை. மிஞ்சியது உதடு மட்டும்தான்.

அந்த ஒரு நொடியை மெதுவாக ஓட்டினார்கள். நனைந்த முகம் திரை முழுக்க வந்தது. உதடு மூடித் திறந்தது. மறுபடியும் மூடித் திறந்தது.

மம்மு.

பேச்சு வந்த வயதில் எதைப் பார்த்தாலும் "மம்மு" கேட்டு வாயைத் திறந்தவனுக்கு அப்பா வைத்த பெயர். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அவன் மைக்கை நெருங்கினான். அப்பாவின் குரலில் தன்னையே கூப்பிட்டான்.

"கச்சிதம் சார்," என்றார் இன்ஜினியர். "ஆனா அழாம சொல்லுங்க. படத்துல அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொல்றார்."